வால்வை மாற்றுவதற்கு முன்னால்

கேள்வி:

அஞ்சுகிராமத்தில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கன்வென்ஷன், கிறிஸ்துமஸ் நாட்களில் வெளியூர்ப் பந்தல்களுக்கும் போவதுண்டு. சவுதியில் வேலை பார்த்த சித்தப்பா ஊர் திரும்பியபோது 15 வாட் வால்வு ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். சின்ன வால்வு மூன்று, பெரிய வால்வு இரண்டு. பெரியவற்றில் இஎல்84 என்று எழுதியிருக்கிறது. ஒரு வருடம் நன்றாக இருந்தது. இப்போது 'உம்' என்று ஓர் இரைச்சல் நிற்காமல் வருகிறது. வாசிக்கும்போதே சத்தம் திடீரென்று குறைகிறது, ஆம்பின் தலையில் தட்டினால் திரும்பி வருகிறது. பெரிய வால்வு ஒன்றின் உள்தகடு சில நேரம் சிவப்பாகத் தெரிகிறது. பந்தலில் பாடிக்கொண்டே வாசிக்கும்போது மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று இருக்கிறது. வால்வு எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். கேபிள் பற்றியும் கேட்க வேண்டும். மைக்செட் அண்ணன் ஒருவர் செய்துகொடுத்த 10 மீட்டர் கேபிளில் கிட்டார் மந்தமாகக் கேட்கிறது. விலை கூடிய வெளிநாட்டுக் கேபிள் வாங்கினால் சரியாகுமா?

— ஒரு வாசகர், அஞ்சுகிராமம்

பதில்:

தம்பி, தகடு சிவக்கும் ஆம்பை, கீழே சொல்லும் சோதனைகளுக்குத் தவிர, அது சரியாகும்வரை ஆன் செய்ய வேண்டாம். சபையில் ஆராதனை இருந்தாலும் வேண்டாம். வால்வுக்குள் தெரியும் ஆரஞ்சு வெளிச்சம் ஹீட்டருடையது, அது இருக்க வேண்டியதுதான். கண்ணாடியின் உள்பக்கம் சில நேரம் மெல்லிய நீலம் படர்வதும் கெடுதல் இல்லை. சாம்பல் நிறத் தகடு சிவப்பதுதான் ஆபத்து. அந்த வால்வில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடுகிறது என்பதற்கு அது அடையாளம். இஎல்84 வால்வின் தகடு 12 வாட் வெப்பம் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் வால்வு கெடும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கெடலாம். வால்வு கடையில் கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

மைக்கில் வரும் சுருக்கு இதைவிட அவசரமானது. அதை வால்வு சம்பந்தப்பட்ட குறையாகவே எண்ணாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஜாக்கின் தரைமுனையோடும், அங்கிருந்து கேபிளின் வெளிவலை வழியாக ஆம்பின் இரும்புச் சட்டத்தோடும் சேர்ந்திருக்கின்றன. எர்த் ஒழுங்காக இருந்தால் சட்டத்தில் கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் அது கம்பியில் நிற்கும், உங்கள் விரல் வழியாக உதடு வரை வந்து மைக்கில் இறங்கும். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில், 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். இன்று சுருக்கென்று இருப்பது, மழையில் நனைந்த தரையில் வெறுங்காலோடு நிற்கும் நாளில் உயிரை எடுக்கும்.

சபையிலும் வீட்டிலும் எர்த் வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டால், ஃபேஸ்–நியூட்ரலில் எரிவது போலவே பிரகாசமாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் குழி காய்ந்துவிட்டது என்று பொருள். கரி, உப்பு போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அல்லது குழியையே புதிதாக எடுக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கும் இடத்தில் பல்பை வைத்த உடனே அது விழும். விழுவது நல்ல அறிகுறி. அது இல்லாத இடத்தில் கட்டாயம் ஒன்று வையுங்கள். பந்தலில் ஜெனரேட்டர் ஓடினால், மைக்செட்டும் உங்கள் ஆம்பும் ஒரே எர்த்தில் இருக்கின்றனவா என்று மைக்செட்காரரிடம் கேளுங்கள். இரைச்சலைக் குறைக்க மூன்றாவது பின்னை வெட்டிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வால்வு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னதை நான் ஏற்கவில்லை. நீங்கள் எழுதியதில் பெரும்பகுதிக்கு உங்கள் ஊரின் கரண்டும் உப்புக்காற்றும் போதுமான காரணங்கள். அவற்றைக் கவனிக்காமல் புது வால்வு போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

ஆம்பின் பின்பலகையில் எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். சவுதியின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், பல வீடுகளில் முன்பு 127 வோல்ட் இணைப்பும் இருந்தது. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பலகையில் '220–240, 50/60' என்று இருந்தால் நேரடியாகப் போடலாம். '120, 60' மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் 300 வி.ஏ.க்குக் குறையாமல், எர்த் பின் அறுபடாமல் கடந்துபோகும் வகையாக. அப்போதும் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்த பிறகு தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் அந்த டிரான்ஸ்ஃபார்மரை இங்கே தக்கபடி மாற்ற வேண்டிவரும்.

மல்டிமீட்டரில் வீட்டின் வோல்ட்டேஜைக் காலை, சாயங்காலம், நள்ளிரவு என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். இஎல்84, சின்ன வால்வாக வழக்கமாக வரும் 12ஏஎக்ஸ்7 இரண்டின் ஹீட்டருக்கும் வேண்டியது 6.3 வோல்ட், பத்து சதவீதம் ஏறலாம் இறங்கலாம். 220 வோல்ட்டுக்கு என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் நடுராத்திரி 250 வந்தால் ஹீட்டருக்கு 7.1 வோல்ட்டுக்கு மேல் போகிறது. தகட்டின் உயர் வோல்ட்டேஜும் அதே கணக்கில் ஏறும். இஎல்84 தகட்டுக்குத் தயாரிப்பாளர்கள் குறித்த எல்லையே 300 வோல்ட். பல கிட்டார் ஆம்ப்கள் இயல்பாகவே அதைத் தாண்டி ஓடுகின்றன. அதனால் இந்த வால்வுக்கு ஓய்வான இடமே இல்லை, கரண்ட் ஏறினால் முதல் அடி அதற்குத்தான். டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட் டேப் (இணைப்பு முனை) இருக்கும் ஆம்ப் என்றால் மெக்கானிக்கிடம் சொல்லி அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போதும்.

இன்வெர்ட்டர் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கரண்ட் போனால் வாசிப்பை நிறுத்த மாட்டோம். சதுர அலை இன்வெர்ட்டரில் வால்வு ஆம்பை ஓட்டாதீர்கள். நம் வீட்டுக் கரண்டின் அலை உச்சியில் 325 வோல்ட்டைத் தொடும், சதுர அலையின் உச்சி 230 தான். ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கும், தகட்டுக்குப் போகும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஒலி சுருங்கி, கரகரப்பு சேரும், டிரான்ஸ்ஃபார்மரும் கூடுதலாகச் சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் பயமில்லை.

இனி உப்பு. வட்டக்கோட்டைக் கடல் உங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுப் புழுதியையும் அள்ளிவருகிறது. உப்பு ஈரமும் புழுதியும் சேர்ந்து வால்வு பின்களிலும் சாக்கெட்டிலும் ஜாக்கிலும் படிகின்றன. தட்டினால் சத்தம் திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் தொடர்பு விட்டுப்போகும் கோளாறு. ஆம்பின் பின்புறம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு ஜாக் இருந்தால் ஒரு சின்ன கேபிளால் இரண்டையும் இணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். சத்தம் நிலையாக நின்றால் குறை அங்கேதான். ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தொடுதகடு கறுத்துப்போயிருக்கும்.

வால்வு சிவப்பதற்கும் இதே காரணம் இருக்கலாம். இஎல்84 வால்வுக்கு ஒன்பது பின். இரண்டாவது பின் கிரிட். வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதை அடக்கிவைப்பது அதுதான். அந்த ஒரு பின் சாக்கெட்டில் சரியாகத் தொடவில்லை என்றால் வால்வுக்குக் கடிவாளம் போய்விடுகிறது, தகடு சிவக்கிறது. 'சில நேரம்' சிவக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வால்வு நன்றாக ஆறிய பிறகு மெல்ல ஆட்டி நேராக மேலே இழுத்து எடுங்கள். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு பின்னையும் துடையுங்கள். எலெக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை சாக்கெட்டில் ஒரு துளி மட்டும் விட்டு, வால்வை நாலைந்து தடவை போட்டு எடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பின்னின் மேற்பூச்சு போய்விடும். தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ தொடவே கூடாது. எல்லாம் உலர ஒரு மணி நேரம் விடுங்கள். ஜாக்குகளுக்கும் இதே வைத்தியம்தான். வருடத்துக்கு இரண்டு தடவை, ஆடிக்காற்று அடங்கியதும் ஒன்று, வடகிழக்கு மழை விட்டதும் ஒன்று செய்தால் போதும். வாசிக்காத நாட்களில் பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும்.

துடைத்த பிறகு இரண்டு பெரிய வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கவனியுங்கள். வால்வோடு சிவப்பும் இடம் மாறினால் கெட்டது அந்த வால்வு, ஜோடியாக மாற்றுங்கள். சிவப்பு பழைய சாக்கெட்டிலேயே நின்றால் கோளாறு சுற்றில் இருக்கிறது. சிவப்பு தெரிந்த நொடியே அணைத்துவிடுங்கள். இந்தச் சோதனையின்போது ஸ்பீக்கர் இணைப்பு இருந்தே ஆக வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் வோல்ட்டேஜ் அதன் காப்பையே துளைத்துவிடும்.

இரைச்சலுக்கு உங்கள் காதே மீட்டர். கிட்டாரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குறை பெரும்பாலும் கிட்டாரிலோ கேபிளிலோ எர்த்திலோ இருக்கிறது. நிற்கவில்லை என்றால் ஆறாவது கம்பியின் மூன்றாவது கட்டை மீட்டி ஒப்பிடுங்கள். அந்த ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதையொட்டி, ஒரு நூல் மேலே நின்றால் அது 100 ஹெர்ட்ஸ். மின்சாரத்தை நேராக்கும் பகுதியில் இருக்கும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள் வற்றிவிட்டன என்று பொருள். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, வயிற்றில் உணர்வது போல் இருந்தால் 50 ஹெர்ட்ஸ். அது ஹீட்டர் சுற்றிலிருந்தோ சின்ன வால்வு ஒன்றிலிருந்தோ வரலாம். சின்ன வால்வுகளைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி போல ஒலிக்கும் வால்வை மட்டும் மாற்றினால் போதும். இந்தச் சின்ன வால்வுகள் பல்லாயிரம் மணி நேரம் உழைக்கும். நீங்கள் வாரத்துக்கு 4 மணி நேரம் வாசித்தாலும் வருடத்துக்கு 200 மணிதான் ஆகிறது. ஒரே வருடத்தில் மூன்றும் ஓய்ந்துவிட்டன என்று நம்ப இடமில்லை.

கண்டென்சரோ சுற்றோ என்று தெரிந்தால் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். நாகர்கோவில் பக்கம் பழைய வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கிட்டார் ஆம்பைக் கண்ணால் பார்த்ததில்லை என்றாலும் அவருக்கு இது அந்நியமான பொருளாக இராது. இஎல்84 இந்தக் கரைக்குப் புதியதில்லை. ஒருகாலத்தில் இலங்கை வானொலியைக் கேட்க இங்கே வாங்கிய பிலிப்ஸ் ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை ஒலிக்கவைத்தது இந்த வால்வுதான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே அதைத் தயாரித்தது. இரண்டு பெரிய வால்வு மாறி மாறித் தள்ளும் புஷ்-புல் சுற்று, அன்றைய மைக்செட் வால்வு ஆம்ப்களில் இருந்த அதே அமைப்புதான். அந்தக் கைகளுக்கு வேலை கொடுக்க இது ஒரு வாய்ப்பு, அவர்களிடம் இருக்கும் அறிவு இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது.

அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஃபில்டர் கண்டென்சர்களை மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். கிரிட்டுக்கு வரும் கப்ளிங் கண்டென்சர் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது பின்னில் கொஞ்சம்கூடப் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் இருக்கக் கூடாது. வால்வு மாற்றினால் பயஸ் அளக்கச் சொல்லுங்கள். பயஸ் ஃபிக்ஸட் வகையாக இருந்தால் சும்மா இருக்கும்போது தகடு தாங்கும் 12 வாட்டில் எழுபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தகட்டில் 320 வோல்ட் இருந்தால் வால்வுக்கு 26 மில்லிஆம்பியர் என்று கணக்கு வரும். வேலை முடிந்ததும் முதல் தடவை சீரிஸ் போர்டில் பல்பு வழியாகத்தான் ஆன் செய்ய வேண்டும். இதை அவரே செய்வார்.

கேபிளுக்கு வருகிறேன். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, 10 மீட்டர் கேபிள் ஒலியை மந்தமாக்கும். கிட்டார் பிக்கப் ஒரு கம்பிச்சுருள். கேபிளின் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே இருப்பது ஒரு கண்டென்சர். இரண்டும் சேர்ந்து ஏதோ ஓர் உயர் சுருதியில் எழும்பி, அதற்கு மேலுள்ள ஒலியை வெட்டிவிடுகின்றன. ஒற்றைச்சுருள் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் சுமார் 2.4 ஹென்றி என்று வையுங்கள். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உள்ள கேபிளை 3 மீட்டர் போட்டால், பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸையும் சேர்த்து, அந்த எழுச்சி 5,100 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். அதே கேபிள் 10 மீட்டர் என்றால் 3,100க்கு இறங்கிவிடும். மீட்டருக்கு 160 பிக்கோஃபாரட் உள்ள கேபிளில் 10 மீட்டர் போட்டால் 2,500தான். கம்பியைச் சுண்டும்போது வரும் கணீர் என்ற ஒலி இருப்பதே அந்த இடைவெளியில்தான். கேபிள் வெறும் இணைப்பு வயர் இல்லை, டோன் குமிழைப்போல் அதுவும் சுற்றின் ஒரு பாகம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த நீண்ட சுருள் கேபிள் ஒலியின் கூர்மையைக் குறைத்தது, அவருக்கு அது பொருந்தியது. பாடகர் குழுவின் நடுவே தனித்துக் கேட்க வேண்டிய உங்களுக்குப் பொருந்தாது.

ஆக, விலையைப் பார்த்து வாங்காதீர்கள், நீளத்தையும் கெப்பாசிட்டன்ஸையும் பார்த்து வாங்குங்கள். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டரைக் கடைக்கே எடுத்துப்போய், கேபிளின் ஒரு நுனியில் முனைக்கும் உடலுக்கும் இடையே வையுங்கள். மறுநுனி எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. ஆறு மீட்டர் கேபிளுக்கு 600 பிக்கோஃபாரட் அல்லது அதற்குக் குறைவு என்றால் எடுங்கள். பிறகு ஆம்பில் போட்டு, வால்யூம் ஏற்றி, கேபிளைத் தரையில் தட்டிப் பாருங்கள். டப்டப் என்று கேட்டால் வைத்துவிடுங்கள். நல்ல கிட்டார் கேபிளில் நடுக்கம்பியின் காப்பின் மேல் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும், அசைவினால் வரும் சத்தத்தை அதுதான் அடக்குகிறது. கேபிள் டிவி வயரில் செய்து வாசிப்பவர்கள் உண்டு. கெப்பாசிட்டன்ஸ் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த உறை அதில் இல்லை. நடுவில் இருப்பது ஒற்றைக் கம்பி, மேடையில் நாலு தடவை மடங்கினால் ஒடியும்.

மைக்செட் அண்ணன் செய்துகொடுத்ததில் எந்த வயர் போட்டார் என்று பிளக்கைத் திருகித் திறந்து பாருங்கள். வெளிவலை இல்லாமல் இரண்டு தடித்த வயர் மட்டும் இருந்தால் அது ஸ்பீக்கர் வயர். கிட்டாருக்கு அது ஆன்டெனா போல வேலை செய்து, பந்தலின் சீரியல் செட் விளக்குகளின் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம். ஆம்பிலிருந்து தனி ஸ்பீக்கர் பெட்டிக்குக் கிட்டார் கேபிளை மாட்டாதீர்கள். 15 வாட், 8 ஓம் என்றால் ஒன்றரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். மெல்லிய நடுக்கம்பி அறுந்தால் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடும் ஆம்பாகிவிடும்.

பிளக் திருகித் திறக்கும் உலோக வகையாக இருக்கட்டும். வார்த்து மூடிய பிளக் போனால் கேபிளே போய்விடும், திருகு வகை என்றால் வெட்டி மறுபடி ஈயம் வைத்துக்கொள்ளலாம். தங்க முலாம் ஒலியை மாற்றாது. உப்புக்காற்றில் கறுக்காது என்பதற்காக வேண்டுமானால் வாங்கலாம். நிக்கல் பிளக்கை வாசித்து முடித்ததும் துணியால் துடைத்தாலே போதும். முழங்கையில் சுற்றி முறுக்காமல் பெரிய வளையமாகச் சுருட்டுங்கள்.

பெரிய மேடைக்கு 10 மீட்டர் கட்டாயம் தேவை என்றால், கிட்டாரிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒரு பஃபர் பெடல் வையுங்கள். பாஸ் நிறுவனத்தின் டியூ-3 போன்ற டியூனர் பெடல் சுருதி பார்க்காத நேரத்திலும் பஃபராக நிற்கும். அதற்கு அப்பால் எவ்வளவு நீளம் போனாலும் பிக்கப்பைப் பாதிக்காது. விலை கூடிய கேபிளுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள். அதற்கும் முன்பு எர்த் குழிக்குச் செலவழியுங்கள்.

துடைத்தும் இடம் மாற்றியும் அதே சாக்கெட்டில் தகடு சிவந்தால், மெக்கானிக்கை வைத்து அந்த சாக்கெட்டின் 2, 3, 7, 9 ஆகிய பின்களின் வோல்ட்டேஜை அளந்து எழுதி அனுப்புங்கள். பக்கத்து சாக்கெட்டின் எண்களும் கூடவே வேண்டும்.